பக்கம் 87 தெளிவாக இல்லை

மாவட்டச் செய்திப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன செய்தி. வழிப்பறி வழக்கில் கைதாகி மத்திய சிறையில் இருக்கும் இன்னார், காவல் கண்காணிப்பாளரின் பரிந்துரையை ஏற்று மாவட்ட ஆட்சியர் பிறப்பித்த உத்தரவின்படி குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். நான்கு வரி, கூடவே ஸ்டாம்ப் அளவில் ஒரு படம். ஏழெட்டு மாதம் கழித்து உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தால் அதற்கு அந்த நான்கு வரிகூடக் கிடைக்காது. நான் பிழைப்பது அந்த இடைவெளியில்தான். மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடும் வழக்கறிஞர்களில் நானும் ஒருத்தி. கோர்ட்டில் நாங்கள் அதை 'ஹேபியஸ்' என்போம். வீட்டுக்காரர்கள் 'குண்டாஸ உடைக்கிற கேஸ்' என்பார்கள்.

செய்தியில் ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ஆள் ஏற்கெனவே சிறையில் இருக்கிறார். சிறைக்குள் இருப்பவரை எதிலிருந்து தடுப்பதற்குத் தடுப்புக் காவல்?

ஒரு தாயார் என்னிடம் இதையே வேறு மாதிரிக் கேட்டார். திண்டுக்கல் பக்கத்துக் கிராமம். மகன் மீது ஓர் அடிதடி வழக்கு, பிறகு கத்தியைக் காட்டிப் பணம் பறித்ததாக இன்னொன்று.

"பெயில் மனு வியாழக்கெழம வருதுன்னாக வக்கீலம்மா. அதுக்குள்ள குண்டாஸ்ல போட்டுட்டாய்ங்களே."

"பெயில் கிடைச்சிரும்போல இருந்ததாலதாம்மா போட்டாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் ஏதோ போலீஸ் பக்கத்து ஆள் என்ற சந்தேகம் தெரிந்தது. ஆனால் நான் சொன்னது உத்தரவிலேயே எழுதியிருக்கும் வாசகத்தின் சாரம்தான். இவர் ஜாமீன் கேட்டிருக்கிறார், இதுபோன்ற வழக்கில் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்திருக்கிறது, வெளியே வந்தால் பொது ஒழுங்குக்குக் கேடு செய்வார், ஆகவே தடுத்து வைக்கிறேன். எல்லா உத்தரவிலும் இந்தப் பத்தி இருக்கும். பெயர் மட்டும் மாறும். நீதிபதி விட்டுவிடக்கூடும் என்பதே ஆட்சியர் அடைப்பதற்குக் காரணம்.

இந்தச் சட்டம் 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்தது, அந்த ஆண்டின் 14-ஆம் எண் சட்டம். கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள், பெண்களை வைத்துத் தொழில் நடத்துவோர், குடிசைப் பகுதி நிலத்தை வளைப்போர் என்று தலைப்பே ஒரு பட்டியலாக இருக்கும். பின்னால் வனக் குற்றவாளிகள் சேர்ந்தார்கள். 2004-இல் திருட்டு விசிடிக்காரர்கள். அப்புறம் மணல் அள்ளுவோர். 2014-இல் இணையக் குற்றவாளிகளும் பாலியல் குற்றவாளிகளும். 2025 ஏப்ரலில் மருத்துவக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்களையும் சேர்க்கச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஊரில் எது பேசுபொருளாகிறதோ அது கொஞ்ச நாளில் இந்தத் தலைப்புக்குள் வந்துவிடுகிறது. 2014 திருத்தம் இன்னொன்றும் செய்தது. அதுவரை குண்டர் என்றால் வழக்கமாகக் குற்றம் செய்பவர் என்று இருந்தது. 'வழக்கமாக' போனது. முதல் தடவை மாட்டியவரையும் அடைக்கலாம் என்றானது.

சட்டம் அனுமதிப்பது ஓராண்டு. குற்றச்சாட்டு, விசாரணை, சாட்சி, தீர்ப்பு எதுவும் தேவையில்லை. நடந்துவிட்ட குற்றத்துக்கான தண்டனை அல்ல இது, நடக்கக்கூடியதைத் தடுப்பது என்பதால் ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. மாநகரத்தில் காவல் ஆணையரும் மற்ற இடங்களில் ஆட்சியரும் கையெழுத்திட்டால் போதும். உத்தரவைக் கேட்பது வழக்குப் பதிந்த காவல் நிலையத்து ஆய்வாளர்.

இதெல்லாம் அரசமைப்புக்கு விரோதமில்லையா என்று படித்தவர்களே என்னிடம் கேட்பார்கள். சங்கடம் என்னவென்றால், அரசமைப்பிலேயே இடம் இருக்கிறது. 22-ஆம் பிரிவின் முதல் பகுதி, கைதானவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. அடுத்த மூச்சிலேயே தடுப்புக் காவலில் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்கிறது. சுதந்திரம் வாங்கிய நாடு, அமைதிக் காலத்துக்கும் தடுப்புக் காவலைத் தன் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தபோது அரசமைப்பு அவையில் பலத்த வாக்குவாதம். இதை வரைந்தவர்கள் வரைவுக்குழுவில் உட்காரும் முன் ஒருமுறை சிறையில் காவலில் இருந்து பார்த்திருந்தால் நன்றாக இருக்கும் என்ற பொருளில் மகாவீர் தியாகி பேசினார். அவர் சிறையில் இருந்தவர். அம்பேத்கர் தரப்பிலும் நியாயம் இருந்தது. தடுப்புக் காவலை அறவே விலக்க அவை தயாராக இல்லை. அப்படியானால் குறைந்தபட்சப் பாதுகாப்புகளையாவது எழுத்தில் வைப்போம் என்பது அவர் நிலை.

அந்தப் பாதுகாப்புகள் இரண்டு. மூன்று மாதத்துக்கு மேல் அடைக்க வேண்டுமானால், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்கள் அல்லது இருக்கத் தகுதியுள்ளவர்கள் கொண்ட அறிவுரைக் கழகம் போதிய காரணம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அடைக்கப்பட்டவருக்குக் காரணங்களைக் கூடிய சீக்கிரம் கொடுத்து, அதை எதிர்த்து முறையிடவும் சீக்கிரம் வாய்ப்புத் தர வேண்டும். என் தொழில் முழுவதும் இரண்டாவதை நம்பித்தான் ஓடுகிறது.

புதிய அரசமைப்பின்படி உச்ச நீதிமன்றத்துக்குப் போன முதல் பெரிய தனிமனித சுதந்திர வழக்கே சென்னை மாகாணத்தினுடையது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் சென்னை மாகாணச் சிறையில் இருந்தபடி தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார். 1950 மே மாதம் தீர்ப்பு வந்தது. சட்டம் என்று ஒன்று இருந்தால் போதும், அது நியாயமானதா என்று, உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவைக் கொண்டு பார்க்க முடியாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. நீதிபதி பசல் அலி மறுத்து எழுதினார். 1978-இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் வந்து சேர்ந்தது: நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும். ஆனாலும் தடுப்புக் காவல் அப்படியே நிற்கிறது. கோபாலனின் நிழலிலிருந்து நாங்கள் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை என்று என் சீனியர் சொல்வார். அவர் கொஞ்சம் நாடகமாகப் பேசுகிறவர். இந்த விஷயத்தில் அது தப்பாகப் படவில்லை.

இப்போது மாநிலச் சட்டத்துக்கு வருவோம். தடுப்புக் காவல் சட்டம் போட மாநிலத்துக்கு எதற்கெல்லாம் அதிகாரம்? ஏழாவது அட்டவணையின் பொதுப் பட்டியலில் மூன்றே காரணங்கள்தான்: மாநிலத்தின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அத்தியாவசியப் பொருள்களும் சேவைகளும் தடையின்றிக் கிடைப்பது. இரண்டு பேருக்குள் நடக்கும் அடிதடி சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. அது பொது ஒழுங்கு ஆகாது. 1965-இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி இதாயத்துல்லா ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யச் சொன்னார். வெளியே பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் பொது ஒழுங்கு. நடுவில் சிறியது மாநிலப் பாதுகாப்பு. வெளிவட்டத்தில் நடப்பதெல்லாம் உள்வட்டத்தைத் தொட்டுவிடாது.

அப்படியானால் ஒருவர் பர்ஸைப் பிடுங்கியவனை இந்தச் சட்டத்தில் எப்படி அடைக்கிறார்கள்? 1982 சட்டம் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது. பொதுமக்களிடையே தீங்கோ, அபாயமோ, பீதியோ, பாதுகாப்பின்மை உணர்வோ ஏற்பட்டால், அல்லது ஏற்படக்கூடும் என்றாலே, பொது ஒழுங்கு பாதிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. பரீட்சை எழுதுகிறவரே பாஸ் மார்க் எவ்வளவு என்று முடிவு செய்துகொள்வது மாதிரி. ஆய்வாளர்களும் அதற்கேற்ப எழுதப் பழகிவிட்டார்கள். கத்தியை எடுத்தார், கடைக்காரர்கள் கதவை இறக்கினார்கள், மக்கள் நாலாபக்கமும் ஓடினார்கள், போக்குவரத்து நின்றது. நத்தம் பேருந்து நிலையமானாலும் நாகர்கோவில் சந்தையானாலும் இதே நாலு வரி. நான் படித்த உத்தரவுகளில் கடைக்காரர் யாராவது கதவை இறக்காமல் இருந்ததே கிடையாது.

திருட்டு விசிடி விற்றவரால் மக்கள் எந்தத் திசையில் ஓடினார்கள் என்று கேட்கலாம். சினிமாத் துறைக்கு நஷ்டம் என்பதில் சந்தேகமில்லை. அது பதிப்புரிமைச் சட்டத்தின் வேலை. பொது ஒழுங்கின் வட்டத்துக்குள் அதை எப்படி நுழைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உண்மையான அரசமைப்புக் கேள்வி இதுதான். மாநிலத்தின் கையில் இருக்கும் அதிகாரம் பொது ஒழுங்குக்கானது. அதை சாதாரணக் குற்றத்துக்குப் பயன்படுத்தலாமா? தெலங்கானாவில் இதே அச்சில் வார்த்த 1986 சட்டம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து வந்த வழக்குகளில் உச்ச நீதிமன்றம் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டது. 2021-இல் பணமோசடி வழக்கு ஒன்றில் நீதிபதி நாரிமன், ஜாமீனில் வந்தவர் தப்பு செய்தால் ஜாமீனை ரத்து செய்யக் கேளுங்கள், தடுப்புக் காவல் அதற்கு மாற்று அல்ல என்ற கருத்தில் உத்தரவை ரத்து செய்தார். 2024-இல் வழிப்பறி வழக்குகளை வைத்து அடைத்த ஒன்றையும் ரத்து செய்து, அறிவுரைக் கழகங்கள் ரப்பர் ஸ்டாம்பாக இருக்கக் கூடாது என்று கண்டித்தது. தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே 2011-இல் ஒரு முக்கியத் தீர்ப்பு உண்டு. காலாவதியான மருந்துகளுக்கு லேபிளை மாற்றி ஒட்டி விற்றதாகச் சென்னையில் வந்த வழக்கு. குற்றம் கொடியதுதான். ஆனாலும் சாதாரணச் சட்டமே அதைக் கையாளப் போதும் என்னும்போது தடுப்புக் காவல் செல்லாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதே மாதிரி வழக்குகளில் ஜாமீன் கிடைத்திருப்பதாக உத்தரவு சொன்னால், எந்த வழக்கு, யாருக்கு, எந்த நீதிமன்றம் என்று விவரம் வேண்டும் என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பை அதிகாரிகள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைக் கேட்டால் சிரிப்பீர்கள். சாதாரணச் சட்டம் போதுமா என்ற பெரிய கேள்வியை விட்டுவிட்டார்கள். சின்னதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து உத்தரவுகளில் ஒரு வழக்கு எண் முளைத்தது. ஜாமீன் கிடைத்த 'அதே மாதிரி' வழக்கு. நாங்களும் அதற்கேற்ப மாறினோம். அந்த வழக்கை எடுத்துப் பார்த்து, அது அதே மாதிரி இல்லை, அதில் ஆயுதமில்லை, இவர் மேல் அந்தப் பிரிவு இல்லை என்று வாதாட ஆரம்பித்தோம். ஜெயிக்கவும் செய்தோம்.

இந்த இடத்தில் புக்லெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உத்தரவு வந்த ஐந்து நாளுக்குள் காரணங்களையும் ஆதார ஆவணங்களையும் தைத்து அடைக்கப்பட்டவரிடம் கொடுக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, மகஜர், ஒப்புதல் வாக்குமூலம், ரிமாண்ட் உத்தரவு எல்லாம் சேர்ந்து சில நூறு பக்கம் வரும். என் மேஜைக்கு ஒரு புக்லெட் வந்தால் நான் முதலில் கதையைப் படிப்பதில்லை. பக்கங்களை எண்ணுகிறேன். விட்டுப்போனது உண்டா? ஜெராக்ஸ் தெளிவாக இருக்கிறதா? ஆங்கில ஆவணத்துக்குத் தமிழ்ப் படி வைத்திருக்கிறார்களா? காவல் நீட்டிப்பு உத்தரவு இருக்கிறதா? கைதுக்கும் தடுப்பு உத்தரவுக்கும் நடுவில் எத்தனை நாள், அதற்கு விளக்கம் உண்டா? குடும்பம் அனுப்பிய முறையீட்டை அரசு எந்தத் தேதியில் வாங்கி எந்தத் தேதியில் நிராகரித்தது?

இதெல்லாம் சில்லறைக் காரணங்கள் என்று நினைக்காதீர்கள். படிக்க முடியாத பக்கத்தைக் கொடுத்து இதற்குப் பதில் எழுது என்றால் அது முறையிடும் வாய்ப்பா? 22-ஆம் பிரிவு கொடுத்த ஒரே ஆயுதம் அந்த முறையீடு. இதே சட்டத்தின் கீழ் வந்த தமிழ்நாட்டு வழக்கொன்றில், முறையீட்டுக் கோப்பு அமைச்சரிடம் ஐந்து நாள் கிடந்தது. அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்றது அரசு. ஒருவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட கோப்புக்கு அது விளக்கமாகாது என்று 1998 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆளை விடுவித்தது. தேதிகளைக் கோட்டை விடாமல் எண்ணுவதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தத் தீர்ப்பு.

ஆனால் இந்த வழியில் ஜெயிப்பதற்கு ஒரு விலை உண்டு. திண்டுக்கல் பையன் வழக்கில் பக்கம் 87 தெளிவாக இல்லை. எந்தப் பிரிவு என்றே தெரியாத கறுப்பு ஜெராக்ஸ். அரசு வழக்கறிஞர் கொஞ்சம் சமாளித்துப் பார்த்தார். நீதிபதிகள் தங்கள் படியையும் புரட்டிப் பார்த்துவிட்டு உத்தரவை ரத்து செய்தார்கள். பத்து நிமிடம் ஆகியிருக்காது. வெளியே வந்ததும் அந்தத் தாயார் கேட்டார்.

"எம்மவன் குண்டா இல்லைன்னு ஐயா சொல்லிட்டாருல்ல?"

"உத்தரவு ரத்துன்னு சொல்லிருக்காங்கம்மா."

"குண்டா இல்லைன்னு?"

அப்படி ஒரு வரி அந்தத் தீர்ப்பில் இல்லை. கடைக்காரர்கள் கதவை இறக்கினார்களா, அது பொது ஒழுங்கா என்பதை யாரும் தொடவே இல்லை. மனுவில் அதை நான் முதல் காரணமாக எழுதியிருந்தேன். வாதாடவில்லை. பக்கம் 87 கையில் இருக்கும்போது எந்த வழக்கறிஞரும் வாதாட மாட்டார், ஆள் வெளியே வர வேண்டும். நீதிபதிகளுக்கும் அன்றைய பட்டியலில் இன்னும் எத்தனையோ மனுக்கள். சின்னக் காரணம் ஒன்று போதும் என்றால் பெரிய கேள்விக்குள் போக வேண்டாம் என்பது கோர்ட் வழக்கம். ஒவ்வொரு வழக்கிலும் அது சரியான வழக்கம்தான். ஆயிரம் வழக்கில் அதையே செய்யும்போது, அந்தப் பெரிய கேள்விக்குப் பதில் வருவதே இல்லை. காவல் நிலையத்துக்குப் போய்ச் சேரும் பாடம் 'இவனை இந்தச் சட்டத்தில் போடக் கூடாது' என்பதல்ல. 'அடுத்த தடவை ஜெராக்ஸ் நல்லா எடு' என்பதுதான்.

இன்னொரு வழக்கம் வரிசை. ஆட்கொணர்வு மனு என்றாலே உடனடி நிவாரணம் என்றுதான் சட்டக் கல்லூரியில் படித்தோம். தடுப்புக் காவலில் அப்படி நடப்பதில்லை. மனு எண்ணாகி, அரசுக்கு நோட்டீஸ் போய், பதில் மனு வந்து, இரண்டு நீதிபதிகள் அமர்வில் முறை வரும்போது நான்கைந்து மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஓடியிருக்கும். மொத்தத் தடுப்பே ஓராண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறை அறிக்கைகளில், தடுப்புக் காவலில் இருப்போர் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்திருக்கிறது. உத்தரவுகள் இவ்வளவு குவியும்போது வரிசை நீளத்தான் செய்யும். இது யாருக்கும் தெரியாத ரகசியமல்ல. உத்தரவு செல்லாது என்று கடைசியில் தெரிந்தாலும் பாதித் தண்டனை ஏற்கெனவே அனுபவித்தாயிற்று. அதற்கு நஷ்டஈடு கேட்டுப் பாருங்கள் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. நல்லெண்ணத்தில் செய்ததற்கு அதிகாரிகள் மேல் வழக்கில்லை என்று சட்டமே காப்பு கொடுத்திருக்கிறது.

2024 மே மாதம் இந்த வரிசை விவகாரம் எல்லோர் கண்ணிலும் பட்டது. யூடியூபர் சவுக்கு சங்கர் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். அவருடைய தாயார் சென்னையில் மனு போட்டார். கோடை விடுமுறை அமர்வில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இப்போதே விசாரிக்கலாம் என்று எடுத்து உத்தரவை ரத்து செய்தார். உடன் அமர்ந்த நீதிபதி பி.பி. பாலாஜி, அரசுக்குப் பதில் மனு போட அவகாசம் கொடுக்காமல் முடிக்க முடியாது என்று மாறுபட்டார். மூன்றாவது நீதிபதிக்குப் போய், அவரும் அரசின் பதில் வேண்டும் என்று சொல்ல, வழக்கு வழக்கமான அமர்வுக்குத் திரும்பியது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் இடைக்கால விடுதலை கொடுத்தது. ஆகஸ்ட் 9 அன்று உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. மூன்றே நாளில் இரண்டாவது குண்டாஸ். செப்டம்பரில் அரசே அதைத் திரும்பப் பெற்றது. சங்கரின் பேச்சு எனக்குப் பிடிக்காது. அது வேறு விஷயம். அந்த வாரங்களில் என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: "அவருக்கு லீவுலயே எடுத்தாக, எங்களுக்கு எப்பம்மா?" இரண்டு நீதிபதிகள் சொன்னதிலும் சட்டம் இருக்கிறது. அவகாசம் இல்லாத விசாரணை அரசுக்கு அநீதி. அவகாசம் கொடுத்துக்கொண்டே போகும் விசாரணை 22-ஆம் பிரிவின் 'கூடிய சீக்கிரம்' என்பதற்கு அநீதி. பதில் மனுவுக்கு இத்தனை நாள், இறுதி விசாரணைக்கு இத்தனை வாரம் என்று ஒரு கெடுவை நீதிமன்றமே வைத்துக்கொண்டால் யாருக்காக யார் வரிசையை மீறினார் என்ற பேச்சே எழாது.

பெரிய கேள்விக்கு நேராகப் பதில் வந்ததும் உண்டு. காவல்துறை அதிகாரியே மாஜிஸ்திரேட் நாற்காலியில் உட்காரும் வழக்கம் ஒன்று நம் மாநகரங்களில் இருந்தது. 2013, 2014-இல் வந்த அரசாணைகள் காவல் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்தன. நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவதும் அவரே, பிணையை மீறினான் என்று அவருக்குக் கீழே வேலை செய்யும் ஆய்வாளர் சொன்னால் மீதிக் காலத்துக்குச் சிறைக்கு அனுப்புவதும் அவரே. 2023 மார்ச்சில் நீதிபதிகள் என். சதீஷ்குமாரும் என். ஆனந்த் வெங்கடேஷும் அந்த அரசாணைகளை ரத்து செய்தார்கள். நிர்வாகத்தையும் நீதித்துறையையும் பிரிக்கச் சொல்லும் 50-ஆம் பிரிவுக்கும், சமத்துவம், உயிர் வாழ்வுரிமைப் பிரிவுகளுக்கும் அது முரண் என்றார்கள். இங்கே ஜெராக்ஸ் தெளிவில்லை என்று யாரும் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி நேராகக் கேட்கப்பட்டது, பதிலும் நேராக வந்தது. அந்த வழக்கம் நின்றது. குண்டர் சட்டத்திலும் அப்படியொரு நாள் வரும் என்று நம்பித்தான் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தை ஒவ்வொரு மனுவிலும் முதலாவதாக எழுதுகிறேன்.

மறு தரப்பையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. என் தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, மாமூல் கேட்டு மிரட்டிய ஒருவன் குண்டாஸில் போனபோது, "ஒரு வருசம் நிம்மதி, நீங்க அவனுக்கு மட்டும் ஆஜராயிராதீக" என்றார். அவன் மேல் யாரும் சாட்சி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வழக்கு முடிய எத்தனை வருடமோ. சாதாரணச் சட்டம் ஓடாத ஊரில் அசாதாரணச் சட்டத்துக்குக் கைதட்டல் கிடைக்கத்தான் செய்யும். ஆனால் அதே சட்டத்தில்தான் 2017-இல் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெரினாவில் நினைவேந்தல் நடத்தப்போன மே பதினேழு இயக்கத்துத் திருமுருகன் காந்தியையும் அடைத்தார்கள். உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. மாமூல் கேட்டவனுக்கும் மெழுகுவத்தி ஏந்தப் போனவருக்கும் ஒரே படிவம். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். "அவுக வேற, இவன் வேற" என்றார். சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை என்பதுதான் என் வாதம். அவரிடம் அது எடுபடவில்லை.

குடும்பத்தார் வந்தால் நான் முதலில் சொல்வது ஹேபியஸ் பற்றியே அல்ல. அரசு ஒப்புதல் கொடுக்கப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் ஆட்சியருக்கு ஒரு முறையீடு அனுப்புங்கள். அதுவரை அவரே பரிசீலித்தாக வேண்டும், விட்டால் அதுவே உத்தரவை வீழ்த்தும். உள்துறைச் செயலருக்கு ஒன்று. பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. மூன்று வாரத்துக்குள் விஷயம் அறிவுரைக் கழகத்துக்குப் போகும், ஏழு வாரத்துக்குள் அது அறிக்கை தர வேண்டும். அங்கே எனக்கு இடமில்லை. 1981 டிசம்பரில், தன்பாத் நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.கே. ராயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் வைக்க உரிமையில்லை, நண்பர் ஒருவர் துணைக்கு வரலாம், அரசுத் தரப்பில் சட்டம் படித்தவர் வந்தால் மட்டும் இவருக்கும் கொடுக்க வேண்டும். ஆகவே ஒன்பதாம் வகுப்போடு நின்ற அண்ணனுக்குப் பொது ஒழுங்குக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்லிக்கொடுக்கிறேன். "அன்னிக்கு யாரும் ஓடல, பஸ் நிக்கல, பக்கத்துக் கடைக்காரரு எழுதிக் கொடுத்திருக்காருன்னு மட்டும் சொல்லுங்க தம்பி, அழாதீங்க" என்று அனுப்புவேன். முக்கால்வாசிப் பேர் அழுதுவிட்டுத்தான் வருகிறார்கள்.

அந்த ஏ.கே. ராய் வழக்கில் இன்னொன்றும் நடந்தது. நெருக்கடி நிலை முடிந்தபின் 1978-இல் வந்த 44-ஆவது அரசமைப்புத் திருத்தம், அதன் 3-ஆம் பிரிவில் தடுப்புக் காவலைக் கொஞ்சம் பல் பிடுங்கியது. மூன்று மாதம் என்பதை இரண்டாகக் குறைத்தது. அறிவுரைக் கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் அமைக்க வேண்டும், பதவியில் இருக்கும் நீதிபதியே தலைவராக இருக்க வேண்டும் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது, குடியரசுத் தலைவரும் ஒப்புதல் கொடுத்துவிட்டார். எப்போது நடைமுறைக்கு வரும் என்ற தேதியை மத்திய அரசு அரசிதழில் வெளியிட வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. தேதியை அறிவிக்கும்படி உத்தரவிடுங்கள் என்று கேட்டதற்கு, அப்படி அரசைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் காங்கிரஸ் ஆண்டது, ஜனதா தளம் ஆண்டது, ஐக்கிய முன்னணி ஆண்டது, பா.ஜ.க. ஆள்கிறது. தமிழ்நாட்டுக் கட்சிகள் பல தடவை அந்த அமைச்சரவைகளில் உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் தேதியை இதுவரை யாரும் அறிவிக்கவில்லை.